தொட்டியில் உட்கார்ந்து வழி கேட்டவன்

வேலூரிலிருந்து மேற்கே போகும் பெரிய ரோட்டில் கிளை பிரியும் இடமெல்லாம் இப்போது கைகாட்டி மரம் நட்டுவிட்டார்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். போன மாதம் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் பழைய ஆட்களைப் பார்க்கப் போயிருந்தேன். "நீ இத்தனை வருசமா செஞ்ச வேலைய இப்ப ஒரு மரக்கட்டை செய்யுது, பாத்தியா?" என்று கம்பவுண்டர் கேலி பண்ணினார். கைகாட்டி இல்லாத காலத்தில் ஊர்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று புதிதாகச் சேர்ந்த அட்டெண்டர்கள் கேட்டார்கள். நாலு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு வந்தேன். ஆனால் அன்று மத்தியானம் வீட்டில் கண் அசந்தபோது அந்த மோட்டார் சைக்கிளின் சத்தம் காதுக்குள் ஓடத் தொடங்கியது. இன்னும் நிற்கவில்லை. அவர்களிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரில் என் உத்தியோகம் அட்டெண்டர். மாட்டைப் பிடிப்பது, வெந்நீர் வைப்பது, ஊசி கழுவுவது. குடகு டாக்டர் வந்த பிறகு இதெல்லாம் இரண்டாம்பட்சமாகி, வழி கேட்பதே என் வேலையாகிவிட்டது. அவருக்குத் தமிழ் ஒரு அட்சரம் தெரியாது. எனக்கு அவர் ஊர்ப் பேச்சு தெரியாது. நடுவில் இங்கிலீஷ்தான் இருந்தது. அதிலும் என் கையிருப்பு "யெஸ் சார்", "நோ சார்" இரண்டு மட்டும்.

அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் இடப்பக்கம், ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு பெட்டியை ஒட்ட வைத்திருந்தார்கள். நாங்கள் அதைத் தொட்டி என்போம். மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் தொட்டியில் உட்கார வேண்டும், அவர் ஓட்டுவார். அந்தச் சத்தத்தில் நீளமாக எதுவும் பேச முடியாது. அதனால் டாக்டர் முதல் மூன்று நாள் என்னை எந்த மாட்டையும் தொட விடவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் கரியால் இருபது வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் கம்பவுண்டரை விட்டு எழுத வைத்தார். லெப்ட், ரைட், ஸ்ட்ரெய்ட், ஸ்லோ, ஸ்டாப், டர்ன், பிரிட்ஜ், கேட், கார்ட், மைல், பர்லாங், நியர், பார். கடைசி வரியில் ஆஸ்க். பால் கறக்கும் நேரத்திலும் பல் தேய்க்கும் நேரத்திலும் நான் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி, எனக்கு யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்று பயந்து வேப்பிலை கொண்டுவந்தாள்.

லெப்ட் என்ற வார்த்தை சுலபத்தில் என் வாயில் வரவில்லை. நம் பக்கத்தில் பெரிய மனுஷர் முன்னால் இடது கையை நீட்டுவது கிடையாது. பேரைச் சொல்லவே கூசுவோம். ஊரில் இடப்பக்கம் பிரியும் பாதையை யாரையாவது கேட்டால், உடம்பையே திருப்பி வலது கையால்தான் காட்டுவார்கள். நானும் அப்படியே வலது கையைக் குறுக்கே நீட்டினேன். எதைக் காட்டுகிறேன் என்று டாக்டர் ரோட்டை விட்டு என் பக்கம் குனிந்து பார்த்தார். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிப் போகும் ஒரு மாட்டு வண்டியின் பின்னால் போய் எங்கள் வண்டி முட்டப் பார்த்தது.

"ஹேண்ட் இன். மவுத் ஓப்பன்" என்றார் டாக்டர். கோபத்தில் குரலை உயர்த்தும் பழக்கம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக, மெதுவாக வைப்பார். அதுதான் அவருடைய கோபம்.

அதற்குப் பிறகு முறை வந்துவிட்டது. பிரிவுக்கு நூறு கெஜம் முன்னால் ஒரு தரம் சொல்ல வேண்டும். பிரிவு கண்ணுக்குத் தெரிந்ததும் இன்னொரு தரம். லெப்ட் என்று சொன்ன உடனே நான் தொட்டிக்கு வெளியே இடப்பக்கம் சாய வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி தரையை விட்டு எழும்பிவிடும். வார்த்தையும் உடம்பும் சேர்ந்தே சாய்ந்து பழகிவிட்டன. இன்றைக்கும் யாராவது பஸ்ஸில் லெப்ட் என்று சொன்னால் நான் பக்கத்து ஆள் மேல் சாய்ந்துவிடுகிறேன். வழி கேட்பதற்கும் முறை உண்டு. முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். நான் இறங்கிப் போய்க் கேட்க வேண்டும். தண்ணீர்க் குடம் சுமந்து போகிறவர்களை நிறுத்தக் கூடாது. வண்டிக்காரர் கிடைத்தால் அவரிடம் கேட்பது நல்லது.

விடியலில் கிளம்புவோம். பாலாற்று மணல் மேல் பனி பால் மாதிரி படுத்திருக்கும். ரோட்டின் இரண்டு பக்கமும் புளிய மரங்கள். தொட்டி தரையோடு தரையாகப் போவதால் எனக்கு உலகம் சக்கரங்களின் உயரத்தில்தான் தெரிந்தது. மாட்டுக் குளம்புகள், நடப்பவர்களின் கணுக்கால்கள், பட்டை வண்டிகளின் அச்சு, கட்டித் தொங்கவிட்ட லாந்தர். அந்த வேகத்தில், அந்தக் குளிரில், நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்று எனக்கே தெரியாது. ஸ்ட்ரெய்ட் என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் அப்புறம் மூன்று மைலுக்கு எனக்கு வேலை இல்லை. அந்த இருபது வார்த்தையில் எனக்குப் பிடித்தது அதுதான். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண்பேன். ஆம்பூர் நெருங்கினால் மட்டும் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தோல் பதனிடும் ஷாப்புகளின் வாசனை முன்னாலேயே வந்து சொல்லிவிடும். டாக்டர் மூக்கைத் தொட்டுக் காட்டி, "நியர்" என்பார். அவர் வாழ்க்கையில் பண்ணிய கேலி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்படிப் போன நாட்களில் ஒரு நாளைத்தான் நான் சொல்ல வேண்டும்.

அணைக்கட்டுக்குத் தெற்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் ஒரு சிறிய ஊரில் வெக்கை நோய் கண்டிருந்தது. மாட்டுக்கு வரும் நோய்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை. மூக்கு ஒழுகும், வாயெல்லாம் புண்ணாகும், கழிந்து கழிந்து நாலைந்து நாளில் விழுந்துவிடும். வந்த மாட்டைக் காப்பாற்ற முடியாது. வராத மாட்டுக்குச் சீரம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றினால் அது தப்பும். மெட்ராஸிலிருந்து ரயிலில் சீரம் வந்துசேர அன்று மத்தியானமாகிவிட்டது; மொத்தம் பன்னிரண்டு பாட்டில். அடுத்த தவணை வரப் பத்து நாளாகும் என்றார்கள். வைக்கோல் வைத்த பெட்டியில் அதை என் மடியில் ஏற்றி, டாக்டர் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். ஜாக்கிரதை என்று அர்த்தம்.

பள்ளிகொண்டாவில் பெரிய ரோட்டை விட்டு லெப்ட். அணைக்கட்டு வரை குறை இல்லை. அதைத் தாண்டி இரண்டு மைலில் வண்டித்தடம் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பக்கம் நான் போனதில்லை. ஓரத்தில் ஒருவர் கேழ்வரகுக் கொல்லையில் களை கொத்திக்கொண்டிருந்தார். மடியில் பெட்டி இருந்ததால் நான் இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லவும் இல்லை. தொட்டியில் இருந்தபடியே ஊர்ப் பெயரைச் சொல்லி, "இதானே போற வழி?" என்று வலப்பக்கத் தடத்தைக் காட்டிக் கத்தினேன்.

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "ஆமாங்க, இதாங்க" என்றார்.

"ரைட்" என்றேன் டாக்டரிடம்.

ஒரு மைல் போனதும் எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. எதிரே விறகுக் கட்டோடு இருவர் வந்தார்கள். மறுபடியும் அதே மாதிரிதான் கேட்டேன். "ஆமாங்க, கிட்டத்தாங்க" என்றார்கள். தடம் கல்லும் பள்ளமுமாக மாறியது. தொட்டி தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு ஓடையில் இறங்கி ஏறும்போது மடிக்குள் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. வேட்டி வழியாகத் தொடையில் ஈரம் பரவியது. கெட்டுப்போன ரத்தத்தோடு கார்பாலிக் கலந்த வாடை. "ஸ்டாப்" என்றேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் மூன்று பாட்டில் போயிருந்தன.

டாக்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அப்போது எதிரே ஒரு ஒற்றை மாட்டு வண்டி வந்தது. காசிம் பாய். கிராமம் கிராமமாகப் போய்ப் பச்சைத் தோல் வாங்கி ஆம்பூருக்கு அனுப்புகிறவர். மாடு சாகிற ஊருக்கு எங்களுக்கு முன்னாலேயே சேதி எட்டி அங்கே போய் நிற்பவர் என்பதால் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் இல்லை. வேறு வழி இல்லாமல் அவரிடமும் கேட்டேன்.

"பாய், இது அந்த ஊருக்குப் போற வழிதானே?"

"இல்ல" என்றார் அவர். "இன்னாப்பா, இங்க வந்து மாட்டிக்கினீங்க? இது கல்லு ஒடைக்கிற எடத்துக்குப் போற தடம். அதோட முடிஞ்சிபோச்சு."

"மூணு பேர்கிட்ட கேட்டேன் பாய். மூணு பேரும் ஆமான்னாங்க."

காசிம் பாய் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நீ காக்கிச் சட்டை போட்டுக்கினு, பக்கத்துல தொப்பி போட்ட தொரை குந்திக்கினு, இதானே வழின்னு கேட்டா, இல்லன்னு எவன் சொல்லுவான்? பெரிய மனுசன் வாயில வந்தத இல்லன்னு சொல்றது மரியாதையா? அந்தப் பேஜாரு எவனுக்கு வேணும்? நான் தோலு யாவாரி. நாளைக்கு நூறு தடவ இல்லன்னு சொல்லித்தான் பொழைக்கிறேன். அதனால எனக்கு வாயில வருது."

டாக்டர் என்ன என்று கேட்டார். என்னிடம் இருந்த வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்துச் சொன்னேன். "மேன் யெஸ் சார். ரோட் நோ சார்."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வண்டியை விட்டு இறங்கினார். பிறகு என் முன்னால் இரண்டு விரலை நீட்டினார். "திஸ், நோ. விச், யெஸ்." இதுவா என்று கேட்காதே, எது என்று கேள். சுவரில் இல்லாத வார்த்தை அது. இருபத்தொன்றாவது வார்த்தையாக அன்று பிற்பகல் கல் உடைக்கும் தடத்தில் நின்று விச் என்பதைப் படித்தேன். காசிம் பாய் தன் வண்டியைத் திருப்பி, பிரிவு வரை முன்னால் போய்க் காட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. புளிய மரத்தடியில் மாடுகளை வரிசையாகக் கட்டி வைத்துக் காலையிலிருந்து காத்திருந்தார்கள். நான் வெந்நீர் வைத்தேன். டாக்டர் ஒவ்வொரு மாட்டுக்கும் காய்ச்சல் பார்த்தார். சுட்டவை ஒருபக்கம், சுடாதவை ஒருபக்கம். சுடாத மாட்டின் தோளுக்குப் பின்னால் தோலை இரண்டு விரலால் கூடாரம் மாதிரித் தூக்கி, ஊசியைச் சாய்வாக நுழைத்து, மருந்து இறங்கி முடியும் வரை அசையாமல் நிற்பார். எடுத்த பிறகு அந்த இடத்தை உள்ளங்கையால் வட்டமாகத் தேய்ப்பார். எத்தனை அவசரமானாலும் அந்தத் தேய்ப்பு குறையாது. மாட்டுக்கு ஒரு தரம் ஊசி, ஊசிக்கு ஒரு தரம் கொதித்த தண்ணீர். அந்த வேலையில் ஒரு தாளம் இருந்தது. மஞ்சள் வெயிலில் புழுதி மிதந்துகொண்டிருக்க, நான் பாட்டில்களை எண்ணாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

வரிசையின் கடைசியில் முனியம்மா நின்றாள். தனிக்கட்டை. காட்டில் உரிக்கும் ஆவாரம்பட்டையை ஆம்பூர் தோல் ஷாப்புகளுக்கு வண்டியில் கொண்டுபோய்ப் போடுவது அவள் பிழைப்பு. அன்றும் பட்டை ஏற்றப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நுகத்தடியிலிருந்து அவிழ்த்த ஜோடி மாடுகளின் நடுவில், இரண்டு கையிலும் இரண்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டுக்கும் காய்ச்சல் இல்லை. நான் பெட்டிக்குள் கையை விட்டேன். ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. அதிலும் அடியில் ஒரு மாட்டுக்குக் காணும் அளவுதான் இருந்தது. பாதிப் பாதியாகப் போட்டால் இரண்டுக்குமே பிரயோஜனம் இல்லை.

டாக்டர் பாட்டிலைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். "ஒன். ஒன்லி ஒன்." பிறகு என்னைப் பார்த்து, அன்று சொல்லிக் கொடுத்த வார்த்தையைச் சொன்னார். "விச்? லெப்ட் ஆர் ரைட்?"

இந்த இடத்தை நான் பல தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். என் வேட்டி காய்ந்து மொரமொரத்துப் போயிருந்தது. ஈ மொய்த்தது. உடைந்த மூன்று பாட்டில் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதில் ஒன்று இருந்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை. சீக்கிரம் இது முடிந்தால் போதும் என்று இருந்தது. வலத்து மாடு கட்டுமஸ்தாகப் பளபளவென்று இருந்தது. இடத்து மாடு சற்று வயசானது, ஒரு கொம்பு மழுங்கியது.

"ஒரு மாட்டுக்குத்தாம்மா மருந்து இருக்குது" என்றேன். "வலத்து மாட்டுக்கே போட்டுடலாமா?"

முனியம்மா இடத்து மாட்டைப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள்.

"ஆமாங்க சாமி" என்றாள்.

"ரைட்" என்றேன் டாக்டரிடம்.

அவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் தாமதித்தார். "ஷீ செட்?"

"யெஸ் சார்" என்றேன்.

ஊசி இறங்கியது. டாக்டர் அந்த இடத்தை வட்டமாகத் தேய்த்தார். நாங்கள் கிளம்பும்போது அவள் கும்பிட்டாள். திரும்பும் வழி முழுக்க மலை நீலமாகி நீலமாகிக் கரைந்துகொண்டே வந்தது. நான் ஸ்ட்ரெய்ட் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளிகொண்டா சந்தையில் காசிம் பாயைப் பார்த்தேன். வெற்றிலை கொடுத்தார். அந்த ஊரைப் பற்றிக் கேட்டேன். ஊசி போட்ட மாடுகள் எல்லாம் பிழைத்து நின்றுவிட்டன என்றார். காய்ச்சல் கண்டவற்றோடு முனியம்மாவின் இடத்து மாடும் ஐந்தாம் நாள் விழுந்துவிட்டதாம்.

"தோல நான்தான் எடுத்தேன்" என்றார். "அந்தம்மா வெலையே பேசல. கன்னுலேர்ந்து கஞ்சி ஊத்தி வளத்த மாடுப்பா அது. புருசன் போனப்புறம் அதுதான் அந்தம்மாவுக்கு எல்லாம். ஆம்பூர் போற வழி அத்தனையும் அந்த மாட்டுக்குத் தெரியும்; அந்தம்மா வண்டியில படுத்துத் தூங்கிடும், மாடு கொண்டுபோய்ச் சேத்துடும். வலத்து மாடு போன வருசம் சந்தையில வாங்கினது. மொரண்டு."

வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினேன். "அப்ப ஏன் பாய் அந்தம்மா இடத்து மாட்டுக்குப் போடுங்கன்னு சொல்லல? நான் கேட்டேனே."

"நீ எதுன்னு கேட்டியா, இதுக்குப் போடலாமான்னு கேட்டியா?"

டாக்டரிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றல் வந்து, தொட்டியோடு அரக்கோணத்தில் ரயில் மாறிப் போய்விட்டார். பாட்டில் உடைந்தது ரோட்டின் குற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் மாட்டை நான்தான் கொன்றேன். அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்கு எந்தப் பாஷையிலும் வார்த்தை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ டாக்டர்களோடு எத்தனையோ ஊருக்கு வழி கேட்டுப் போனேன். எஞ்சினை நிறுத்தி, இறங்கி நின்று, எந்த வழி என்று மட்டும்தான் கேட்டேன். ஒரு தரம்கூடத் தப்பான தடத்தில் போகவில்லை.

அடுத்த வருஷம் மறுபடி அந்த ஊருக்கு ஊசி போடப் போனோம். அன்று மருந்து நிறைய இருந்தது. முனியம்மா வலத்து மாட்டையும் புதிதாக வாங்கிய ஒரு இளங்காளையையும் ஓட்டி வந்தாள். இரண்டுக்கும் போட்டு முடித்து, புது டாக்டர் கை கழுவப் போன நேரத்தில் நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வதென்று ஒரு வருஷமாக யோசித்து வைத்திருந்தேன். அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். யோசித்து வைத்தது ஒன்றும் வரவில்லை.

"எம்மேல கோவம் ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என் சட்டையைப் பார்த்தாள்.

"இல்லீங்க சாமி" என்றாள்.